மகளுக்கு ஒரு பெட்டிசம்

எங்க வீட்டுக்காரருக்கு எழுதத் தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணுதான், பெட்டிசம். கோரிக்கை மனுன்னு பேப்பர்ல போடுவாங்களே, அதேதான். கூரைத் தகரம் ஒழுகுதா, பெட்டிசம். தண்ணிப் பைப்பு ஒடஞ்சிருச்சா, பெட்டிசம். நோர்வூட் பக்கம் இருக்கிற எங்க தேயிலைத் தோட்டத்துல ரொம்ப காலமா அவருதான் சங்கத் தலைவரு. தோட்டத்த நடத்துற தொரை மாறுவாரு, கிளாக்கரு மாறுவாரு, ஆபீசு சுவத்து பெயிண்டு கூட மாறும். இவரு பெட்டிசத்துல மட்டும் ஒரு வரி மாறாது. ‘மிகத் தாழ்மையுடன்’னு ஆரம்பிச்சு, ‘அடுத்தகட்ட நடவடிக்கையில் இறங்க நேரிடும்’னு முடிப்பாரு. தாழ்மையா ஆரம்பிச்ச மனுசன் எதுக்கு மெரட்டி முடிக்கணும்னு கேட்டா, அதுதான் முறைன்னு சொல்லுவாரு.

கல்யாணத்துக்கு முந்தி எனக்கு ஒரு கடுதாசி எழுதியிருப்பாரான்னு கேளுங்க. இல்ல. அப்ப கோவமா இருந்துச்சு. இப்ப நெனச்சா நல்லதுக்குத்தான்னு தோணுது. எழுதியிருந்தா அதுலயும் கோரிக்கை வெச்சு, பதில் வர்ற வரைக்கும் வேலைநிறுத்தம் பண்ணியிருப்பாரு.

எங்களுக்கு ஒரே மக. கொட்டகலையில படிச்சா, நல்லாவே படிச்சா. அவள டீச்சராக்கிப் பாக்கணும்னு அப்பாக்காரருக்கு ஆசை. அவ விவசாயம் சம்பந்தமா ஏதோ கோர்ஸ் படிக்கப் போனா. கோவா, லீக்ஸ்னு மரக்கறி போடுறதுக்குப் படிக்கிறா போலன்னு நாங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டோம். போன வருசம் உடப்புசல்லாவைப் பக்கம் ஒரு தோட்டத்துல இருந்து அவளுக்கு வேலைக் கடுதாசி வந்துச்சு. ‘வெளிக்கள உத்தியோகத்தர்’னு போட்டிருந்துச்சு. எங்க பேச்சுல சொன்னா, கண்டாக்கு. காலையில பெரட்டுக்களத்துல பேரு கூப்பிட்டு ஆளுங்கள மலைக்கு அனுப்புறவங்க. கொழுந்து நிறுக்கிறப்ப தராசு பக்கத்துல நிக்கிறவங்க. எங்க வீட்டுக்காரரு காலம் பூரா யாருக்கு எதிரா பெட்டிசம் எழுதுனாரோ, அவங்க.

கடுதாசிய ரெண்டு தரம் படிச்சாரு. அப்புறம் மூக்குக்கண்ணாடியக் கழட்டிட்டு கேட்டாரு.

“தொரை பக்கம் போறியா?”

“வேலைக்குப் போறேன்பா.”

“அது வேலையில்ல. கட்சி மாறுறது.”

“நான் எந்தக் கட்சியில இருந்தேன், மாறுறதுக்கு? ஒங்க வீட்டுல சோறு தின்னா சங்கத்துல அங்கத்துவம் குடுத்துட்டீங்களா?”

அவ வாயும் லேசுப்பட்ட வாய் இல்ல. எங்க இருந்து வந்துச்சுன்னு என்னைப் பாக்காதீங்க. அவரு எந்திரிச்சு வெளிய போயிட்டாரு. அன்னைக்கு வாய மூடுனவருதான், அவகிட்ட ஒரு வார்த்தை பேசல.

ரெண்டு காம்பரா உள்ள வீட்டுல ஒருத்தர் ஒருத்தரோட பேசாம இருக்கிறது சும்மா காரியமா? கைய நீட்டுனா தொடுற தூரத்துல அவ ஒக்காந்திருப்பா. இவரு என்னைப் பாத்து, “அந்த டி.வி. சத்தத்தக் கொறைக்கச் சொல்லு”ன்னு சொல்லுவாரு. அவ என்னைப் பாத்து, “கொறச்சாச்சுன்னு சொல்லுங்க”ன்னு சொல்லுவா. நான் அடுப்படியில ரொட்டி தட்டிக்கிட்டு நிப்பேன். நான் என்ன போஸ்ட் ஆபீசான்னு ஒரு நாள் கத்துனேன். ரெண்டு பேரும் ஒரே மாதிரி மூஞ்சிய வெச்சுக்கிட்டு என்னைப் பாத்தாங்க. அதுல மட்டும் அப்பாவுக்கும் மகளுக்கும் ஒத்துமை.

வெளியிலயும் அவருக்கு நிம்மதி இல்ல. கடைப் பக்கம் போனா, “என்னா தலைவரே, இனிமே பெட்டிசத்த வீட்டுலயே குடுத்துறலாம் போலயே”ன்னு கிண்டல். சிரிச்சுட்டு வருவாரு, வீட்டுக்குள்ள வந்ததும் சிரிப்பு காணாமப் போயிரும். எனக்கும் பாவமாத்தான் இருந்துச்சு. ஆனா எனக்கு மகளும் வேணும்ல. மறைக்காம சொல்றேன், அந்த வேலை கெடச்சதுல எனக்கு அவ்வளவு சந்தோசம். நான் கூடையச் சொமந்துக்கிட்டு நின்ன மாதிரி ஒரு மலையில என் மக கண்டாக்கா குடை புடிச்சுக்கிட்டு நிக்கப் போறா. சந்தோசப்பட்ட கையோட பயமும் வந்துச்சு. குடை புடிச்சவங்க எத்தனை பேரு எங்ககிட்ட என்னா பேச்சு பேசியிருக்காங்க, அதுல இவளும் ஒருத்தி ஆயிருவாளோன்னு.

அவ போக வேண்டிய ஞாயித்துக்கெழம கிட்ட வந்துருச்சு. அப்பா வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லாம அவ படியிறங்கிப் போனா, அந்த வலி ரெண்டு பேருக்கும் ஆயுசு பூரா இருக்கும். மொதல்ல அவகிட்ட சொன்னேன், நீயாவது எறங்கி வாடின்னு. “நான் என்னா தப்பு பண்ணேன்?”னு கேட்டா. நியாயம்தான். அப்புறம் இவருகிட்ட போனேன்.

“வாயால சொல்ல வரலைன்னா எழுதிக் குடுங்க. எழுத்துதானே ஒங்களுக்கு வரும். அங்க போயி அவ எப்பிடி இருக்கணும், ஆளுங்கள எப்பிடி நடத்தணும், ஒங்க மனசுல இருக்கிறத எழுதுங்க.”

என்ன நெனச்சாரோ, பேப்பர எடுத்துக்கிட்டு ஒக்காந்துட்டாரு. ‘அன்புள்ள மகளுக்கு’ன்னு நான்தான் சொல்லிக் குடுத்தேன். எழுதுனாரு. பேனாவ உதறுனாரு. மோட்டுவளையப் பாத்தாரு.

“அடுத்து என்னா?”

“மனசுல இருக்கிறத எழுதுங்கன்னேன்ல.”

“எடுத்தவொடன மனசா? ‘பொருள்’னு ஒரு தலைப்பு வேணாமா?”

எனக்கு சிரிப்பு பொத்துக்கிட்டு வந்துச்சு. சிரிச்சா கோவிச்சுக்கிட்டு எந்திரிச்சுருவாருன்னு அடுப்படிக்குள்ள போயிட்டேன். அன்னைக்கு அவரு எழுதுனது அந்த ரெண்டு வார்த்தைதான். மறுநாள் நான் வெறகு பொறுக்கிட்டு வந்து பாக்கிறேன், மனுசன் தலையத் தூக்காம எழுதிக்கிட்டு இருக்காரு. பேனா சும்மா ஓடுது. அடடா, மனசு தொறந்துருச்சுன்னு எனக்கு கண்ணே கலங்கிருச்சு. டீ ஊத்தி பக்கத்துல வெச்சுட்டு, சத்தம் போடாம வந்துட்டேன்.

எழுதி முடிச்சு, “பாரு”ன்னு நீட்டுனாரு. நான் வாங்கிப் பாத்தேன்.

‘பெறுநர்: வெளிக்கள உத்தியோகத்தர் அவர்கள். ஊடாக: தாயார் அவர்கள். பொருள்: கோரிக்கைகள் சமர்ப்பித்தல்.’

பெத்த மகளுக்கு எழுதச் சொன்னா, பெட்டிசம் எழுதி வெச்சிருக்காரு. அதுலயும் என்னைய ‘ஊடாக’ன்னு போட்டு, நடுவுல நிக்கிற ஆபீசராக்கிட்டாரு. சிரிச்சு சிரிச்சு எனக்கு வயிறு நோவெடுத்துருச்சு. அவரு மூஞ்சிய உம்முனு வெச்சுக்கிட்டு, “முழுசாப் படி, அப்புறம் சிரி”ன்னாரு.

படிச்சேன்.

‘கொழுந்து பறிக்கும் பெண்களை, வயதில் இளையவராயினும், ஏய் என்றும் அடியே என்றும் அழைக்கலாகாது. ஒவ்வொருவருக்கும் பெயர் உண்டு.

‘மழை நாட்களில் ஈரத்துக்கென நிறையில் கழிக்குமுன், கழிப்பவர் ஒரு தடவையாவது நனைந்த கூடையுடன் மலையேறிப் பார்த்தல் வேண்டும்.

‘தெரியாததைத் தெரியாது என்று சொல்லுதல் வேண்டும். தெரிந்ததுபோல் தலையாட்டிய உத்தியோகத்தர்களால் தோட்டங்கள் பட்ட பாடு போதும்.

‘நேரத்துக்குச் சாப்பிடுதல் வேண்டும். இது தொடர்பில் எந்தப் பேச்சுவார்த்தைக்கும் இடமில்லை.

‘உடப்புசல்லாவைப் பக்கம் காற்று கடுமையானது எனத் தெரியவருகிறது. ஆகவே சுவெட்டர் இன்றி மலைக்குச் செல்லலாகாது.’

கடைசியில, கேக்கவே வேணாம், ‘மேற்படி கோரிக்கைகள் நிறைவேற்றப்படாத பட்சத்தில் அடுத்தகட்ட நடவடிக்கையில் இறங்க நேரிடும் என்பதை மிகத் தாழ்மையுடன் அறியத்தருகிறோம்.’

சுவெட்டர் வரியில என் சிரிப்பு நின்னு போச்சு. ஒரு வார்த்தை பேசாம இத்தனை நாளா அந்தக் காத்தப் பத்தி யாருகிட்டயோ விசாரிச்சிருக்காரு பாருங்க. ஆனாலும் சொன்னேன், “எல்லாம் சரி, இத அவ பாத்தா இன்னும் கோவந்தான் வரும். கொஞ்சம் மகளுக்கு எழுதுற மாதிரி எழுதுங்க.” சரி, திருத்தம் பண்றேன்னு வாங்கிக்கிட்டாரு. நானும் நம்புனேன்.

அடுத்த நாள் சாயந்தரம் பைப்படியில தண்ணி புடிச்சுக்கிட்டு இருந்தேன். பக்கத்து வீட்டுப் பொண்ணு கைப்புள்ளைய இடுப்புல வெச்சுக்கிட்டு வந்து கேட்டுச்சு.

“அக்கா, அண்ணேன் என் கோரிக்கைய சேத்துட்டாரா?”

“எந்தக் கோரிக்கை?”

“புள்ளைக் காம்பராவுல விட்டுட்டு வர்ற கைக்கொழந்தைக்குப் பால் குடுக்கப் போனா, கண்டாக்கம்மா மூஞ்சி சுளிக்கக் கூடாதுன்னு சொன்னேனே. கையெழுத்து கூடப் போட்டேன்.”

கொடத்த அப்பிடியே வெச்சுட்டு வீட்டுக்கு ஓடுனேன். அந்த மனுசன் பண்ணியிருக்கிற திருத்தம் என்னான்னு நெனைக்கிறீங்க? பேப்பரத் தூக்கிக்கிட்டு லயம் பூரா வீடு வீடாப் போயி கையெழுத்து வாங்கியிருக்காரு. கையெழுத்துப் போடத் தெரியாதவங்க பெருவிரல் வெச்சிருக்காங்க. போனவரு சும்மா வந்தாரா? ஆளுக்கு ஒரு கோரிக்கை வாங்கிட்டு வந்திருக்காரு. கடைசி வீட்டுப் பெரியவரு, எழவு விழுந்த வீட்டுக்கு உத்தியோகத்தருங்க வந்து நிக்கணும்னு சொல்லியிருக்காரு. த்ரீவீல் ஓட்டுற தம்பி, ரோட்டச் செப்பனிடணும்னு சொல்லியிருக்கான். அது எந்தத் தோட்டத்து ரோடுன்னு அவனுக்கே தெரியாது. மேல் லயத்துல ஒரு அக்கா, இந்த வருசத்துக்குள்ள எங்க மக கல்யாணம் முடிக்கணும்னு சொல்லியிருக்கு. அத மட்டும், தொழில் சம்பந்தப்படாத விசயம்னு எங்க வீட்டுக்காரரு நிராகரிச்சுட்டாராம்.

“ஒங்களுக்கு புத்தி இருக்கா? மகளுக்கு எழுதுற கடுதாசிக்கு ஊரே கையெழுத்தா?”

அவரு அசையல. “ஒத்தக் கையெழுத்துப் பெட்டிசத்த எந்த ஆபீசுல எடுத்திருக்காங்க?”

“அவ ஆபீசு இல்லைங்க. நம்ம புள்ள.”

“இன்னைக்கு நம்ம புள்ள. திங்கக்கெழம காலையில?”

கோவத்துல கொஞ்ச நேரம் பாத்திரத்த ஒருட்டிக்கிட்டு இருந்தேன். அப்புறம் யோசிச்சுப் பாத்தேன். ஊரெல்லாம் கோரிக்கை வெச்சிருக்காங்க, காலம் பூரா கொழுந்து பறிச்ச நான் மட்டும் வாயப் பொத்திக்கிட்டு இருக்கணுமா?

“என் கோரிக்கைய எழுதுனீங்களா?”

“ஒன்னைய ‘ஊடாக’ன்னு போட்டிருக்கேன்ல.”

“ஊடாகப் போறவளுக்கு வாய் இல்லையா? எழுதுங்க. மலையில வேலை செய்யிற பொம்பளைங்க ஒதுங்குறதுக்கு ஒரு எடம் வேணும். கதவு உள்ள எடம்.”

அவரு பேனாவத் தூக்கிப் புடிச்சுக்கிட்டு என்னையே பாத்தாரு. வயசுப் பொண்ணா மலைக்குப் போன நாள்ல இருந்து, வேலைய விட்ட நாள் வரைக்கும், காலையில நான் தண்ணி குடிச்சதே இல்ல. குடிச்சா மலையில எங்க போறது? பக்கத்துல நிக்கிற ஆம்பளைங்களுக்கு இது தோணாது. எனக்கு இந்த வயசுல வர்ற வயித்துவலி எங்க இருந்து வந்ததுன்னு டாக்டருக்கே தெரிஞ்சுச்சு, தொரைமாருக்கு மட்டும் தெரியல. எத்தனையோ பெட்டிசம் எழுதுனீங்களே, ஒண்ணுலயாவது இத எழுதுனீங்களான்னு கேட்டேன். தலையக் குனிஞ்சுக்கிட்டு எழுதுனாரு. நல்ல எழுத்துல எழுதுனாரு.

ஞாயித்துக்கெழம விடிஞ்சுச்சு. மக பையக் கட்டி வெளிய வெச்சிருந்தா. ஹட்டனுக்குப் போயி பஸ் புடிக்கிறதுக்கு த்ரீவீலு வந்து நின்னுச்சு. லயத்துல ஒரு ஆளு வீட்டுக்குள்ள இல்ல. எல்லாரும் வாசல்ல நிக்கிறாங்க. மகளுக்குப் பெருமையா இருந்துச்சு, தன்னைய வழியனுப்ப இத்தனை பேரு வந்திருக்காங்கன்னு. எனக்குத்தானே தெரியும், எல்லாம் அவங்கவங்க கோரிக்கை என்னாச்சுன்னு பாக்க வந்தவங்க.

எங்க வீட்டுக்காரரக் காணோம். பாத்தா, வெள்ளச் சட்டை போட்டு, தலை சீவி, முத்தத்துல நின்னுக்கிட்டு இருக்காரு. ஆபீசுக்குப் போறப்ப எப்பிடி நிப்பாரோ அப்பிடி, செருப்ப ஓரமா கழட்டிப் போட்டுட்டு. சொந்த வீட்டு முத்தத்துல. உள்ள வாங்கன்னு நான் கையக் காட்டுனேன். பெட்டிசத்த வெளிய நின்னுதான் குடுக்கணுமாம். எனக்கு தலையில அடிச்சுக்கலாம் போல இருந்துச்சு.

மக வாசப்படியில நின்னா. இவரு கீழ நின்னாரு. பேப்பர என்கிட்ட நீட்டுனாரு, முறைப்படி ஊடாக. நான் அவகிட்ட குடுத்தேன்.

அவ மொத வரியப் பாத்தா. அப்புறம் பொரட்டி, பின்பக்கம் இருந்த கையெழுத்தையும் விரல் அடையாளத்தையும் பாத்தா. அவ கன்னம் செவந்துச்சு. கிழிச்சுப் போட்டுருவாளோன்னு நான் கிட்டப் போனேன். அவ சத்தமாப் படிக்க ஆரம்பிச்சா, பெரிய உத்தியோகத்தர் மாதிரி தொண்டையச் செருமிக்கிட்டு.

“பேரு சொல்லிக் கூப்பிடணும். ஏத்துக்கிறேன். மழையில கூடையோட மலை ஏறணும். ஏத்துக்கிறேன், ஏறுறப்ப வழுக்கி விழுந்தா யாரும் சிரிக்கக் கூடாது. தெரியாதத தெரியாதுன்னு சொல்லணும். இது அப்பாவுக்கும் பொருந்துமான்னு கேட்டு எழுதவும்.”

லயமே சிரிச்சுச்சு. அவரு மட்டும் சிரிக்கல. சாப்பாடு, ஏத்துக்கிட்டா. சுவெட்டர்ல கொஞ்சம் நின்னா, பையில கைய விட்டு எடுத்து அங்கயே போட்டுக்கிட்டா. கைப்புள்ளக்காரிக்கு, “பால் குடுக்கப் போறவங்கள நானே நேரம் சொல்லி அனுப்புறேன்”னா. எழவு வீட்டுக்குக் கட்டாயம் போவேன்னா. ரோட்டக் கேட்டவனப் பாத்து, மொதல்ல அந்தத் தோட்டம் எங்க இருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டு வான்னா.

என் கோரிக்கை வந்துச்சு. “இத மேலிடத்துக்கு எழுதி...”

“அந்தக் கதையெல்லாம் என்கிட்ட வேணாம்”னேன்.

அவ பேப்பர இறக்கிட்டு என்னைப் பாத்தா. கண்ணுல சிரிப்பு இல்ல. “போன ஒடனே எடம் பாப்பேம்மா. கதவு போடுற வரைக்கும் நானும் காலையில தண்ணி குடிக்க மாட்டேன்.” குடிச்சுத் தொலைடி, ஒன் வயித்தையும் கெடுத்துக்காதன்னு சொல்ல வந்தவ அழுதுட்டேன்.

முடிஞ்சுச்சுன்னு நெனச்சேன். முடியல. கையெழுத்துக்கு மேல இருந்த கொஞ்ச எடத்துல, நெருக்கி நெருக்கி ஒரு வரி புதுசா எழுதியிருந்துச்சு. எனக்கே தெரியாது. அவரு எப்ப எழுதுனாருன்னும் தெரியாது. அவ மெதுவாப் படிச்சா.

‘அத் தோட்டத்துத் தொழிலாளர்கள் தங்களுக்கு எதிராக எப்போதாவது பெட்டிசம் கொடுக்க நேர்ந்தால், அதில் முதல் கையெழுத்து என்னுடையதாக இருக்கும்.’

எங்க ஆளுங்களுக்கு மொதக் கையெழுத்துன்னா என்னான்னு தெரியும். ஆபீசுல மொதல்ல பாக்கிறது அந்தப் பேரத்தான். வேலைய விட்டு நிப்பாட்டுறதும் அந்த ஆளத்தான். யாரும் துணிஞ்சு போட மாட்டாங்க, எப்பவும் எங்க வீட்டுக்காரருதான் போடுவாரு. இப்ப மகளுக்கு எதிரா போடுறேன்னு, இத்தனை பேரு முன்னாடி எழுதிக் குடுத்துட்டாரு. பாவி மனுசா, எல்லாத்தையும் நீயே கெடுத்துட்டியேன்னு மனசுக்குள்ள திட்டுனேன்.

மக பேப்பர மடிச்சா. நெஞ்சுல வெச்சுக்கிட்டா. அந்த வாய் மட்டும் அடங்கல.

“இங்க இருந்துக்கிட்டு அங்க கையெழுத்துப் போட முடியாதே. நேர்ல வரணும். வருவீங்களாப்பா?”

அவரு என்னைப் பாத்தாரு. வழக்கம் போல பதில என்கிட்ட குடுத்து அனுப்பலாம்னு. நான் வேணும்னே மூஞ்சியத் திருப்பிக்கிட்டு, ஒண்ணுமில்லாத கோழிக்கூட்டப் பாத்துக்கிட்டு நின்னேன். த்ரீவீல்காரத் தம்பி கூட இஞ்சின நிப்பாட்டிட்டான்.

“எப்பிடி வர்றது?”ன்னு அவரு குரல் கேட்டுச்சு. “நுவரெலியாவுல பஸ் மாறணும்னு தெரியும். அதுக்கப்புறம் எங்க எறங்கணும்மா?”